வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கு: மார்ச் 31-க்குள் எதைக் கட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது

சென்னையில் ஒரு ஃப்ளாட்டோ இரண்டோ வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு மார்ச்சும் ஏப்ரலும் பணம் கரையும் மாதங்கள். சொத்துவரி, மெட்ரோ வாட்டர் வரி, இன்ஷூரன்ஸ், சங்கத்தின் மெயின்டனன்ஸ் எல்லாம் சேர்ந்தாற்போல் வந்து நிற்கும். மார்ச்சுக்குள் செலவு காட்டினால் வரி குறையும் என்று யாரோ சொன்னதை நம்பி, எல்லாவற்றையும் முன்கூட்டியே கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. அந்தப் பேச்சு பெரும்பாலான செலவுகளுக்குப் பொருந்தாது.

வாடகை வருமானத்தில் வருமான வரிச் சட்டம் கழிக்க விடுவது மூன்றைத்தான்: நீங்கள் கையிலிருந்து கட்டிய சொத்துவரி, அது போன மீதியில் கணக்கே கேட்காமல் 30 சதவீதம், பிறகு வீட்டுக் கடன் வட்டி. பெயின்ட், பிளம்பர், புரோக்கர் கமிஷன், இன்ஷூரன்ஸ் பிரீமியம் எல்லாம் அந்த 30-க்குள் அடக்கம். ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதவருக்கும் 30, வாடகை முழுவதையும் ரிப்பேரில் கொட்டியவருக்கும் அதே 30. எனவே மார்ச் கடைசி வாரத்தில் பெயின்டரை விரட்டி வேலை வாங்குவதால் வரியில் சல்லிக்காசு மிச்சமாகாது. மொட்டைமாடி ஒழுக்கை மட்டும் ஏப்ரல், மே வெயிலில் அடைத்துவிடுங்கள். ஐப்பசி மழையில் அந்த வேலைக்கு ஆளும் கிடைக்காது, தளமும் காயாது.

சொத்துவரிதான் விதிவிலக்கு. எந்த ஆண்டுக்கான வரி என்பது கணக்கில்லை, எந்த ஆண்டில் கட்டினீர்கள் என்பதே கணக்கு. பழைய அரையாண்டுகள் பாக்கி நின்றால் மார்ச் 31-க்குள் கட்டிவிடுங்கள். அத்தனையும் இந்த ஆண்டு வாடகையிலேயே கழியும். குடியிருப்பவர் கட்டியிருந்தால் உங்களுக்குக் கழிவு கிடையாது. ரசீதில் இன்னும் பில்டர் பெயரோ பழைய உரிமையாளர் பெயரோ இருக்கிறதா என்று பாருங்கள். கிரயப் பத்திரம் பீரோவில் பத்திரமாக இருக்கும், வரிப் பெயர் மாற்றம் மட்டும் நடந்திருக்காது. நம் ஊரில் இது சர்வசாதாரணம்.

அடுத்த அரையாண்டு ஏப்ரல் 1-ம் தேதி பிறக்கிறது. அந்த மாதம் 30-க்குள் கட்டினால் மாநகராட்சி 5 சதவீதம் ஊக்கத்தொகை தருகிறது, அதிகபட்சம் 5,000 ரூபாய். 3,600 ரூபாய் வரிக்கு 180 ரூபாய்தானே என்று தோன்றலாம். செப்டம்பரில் கட்டுவதை ஐந்து மாதம் முன்னால் கட்ட 5 சதவீதம் என்றால், ஆண்டுக்கு ஏறக்குறைய 12 சதவீதம். எந்த எஃப்டி தருகிறது இதை? இரண்டாம் அரையாண்டுக்கு அக்டோபரில் இதே சலுகை உண்டு.

மெயின்டனன்ஸுக்கும் இதே அளவுகோல்தான். ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதத்தைச் சங்கம் தள்ளித் தருகிறதா? கட்டுங்கள். ஒன்றும் தராமல் கேட்டால் மாதாமாதமே போதும். ஃப்ளாட்டை விற்கும் யோசனை இருந்தால் மொத்தமாகக் கட்டவே வேண்டாம்; அல்லது முன்பணமாக நிற்கும் தொகையை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதி, வாங்குபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

கடனை முன்கூட்டி அடைப்பது தனிக் கதை. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாக அடைத்தால் வங்கி அபராதம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. புதிய வரி முறையில் இருப்பவருக்கு, வாடகையை மிஞ்சிய வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட வழியில்லை. வட்டி வாடகையை விழுங்கும் நிலையில் இருப்பவர் கொஞ்சம் அசலைக் குறைப்பது நல்லது. ஆனால் குடியிருப்பவர் கொடுத்த அட்வான்ஸைத் தூக்கி அசலில் போடாதீர்கள். அது நீங்கள் திருப்பித் தர வேண்டிய பணம். தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டுச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகையைத்தான் அட்வான்ஸாகச் சொல்கிறது; பத்து மாதம் வாங்கும் பழக்கம் இன்னும் ஓயவில்லை. எவ்வளவு வாங்கியிருந்தாலும் தனி எஃப்டியில் கிடக்கட்டும்.

மார்ச் மாத வாடகை குறைந்து வந்தால் பதறாதீர்கள். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், குடியிருக்கும் தனிநபர் ஆண்டு முழுமைக்கும் 2 சதவீத டிடிஎஸ்ஸை ஒரேயடியாக மார்ச் வாடகையில் பிடிப்பார். 60,000 வாடகை என்றால் 14,400 போய் 45,600தான் வரும். அந்தக் கணக்கிலிருந்து இஎம்ஐ போகிறதென்றால் இப்போதே பணம் போட்டு வையுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ குடியிருந்துகொண்டு வாடகை வாங்குபவருக்கு இந்த வரம்பே கிடையாது. மாதாமாதம் 30 சதவீதத்துக்கும் மேல் பிடித்தாக வேண்டும். முன்வரியின் (அட்வான்ஸ் டாக்ஸ்) கடைசித் தவணை மார்ச் 15. தவறவிட்டவர்கள் 31-க்குள் கட்டினாலும் அது முன்வரியாகவே சேரும்.

வீட்டு இன்ஷூரன்ஸுக்குப் பல ஆண்டு பிரீமியத்தைச் சேர்த்துக் கட்டத் தள்ளுபடி கிடைத்தால் எடுக்கலாம். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த வேளச்சேரி, முடிச்சூர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காப்பீட்டுத் தொகை கட்டுமானச் செலவுக்குத்தான், மனை விலைக்கு அல்ல.

இவ்வளவையும் ஒரு நோட்டில் மாதக் கணக்காக இறக்கிப் பாருங்கள். 22,000 ரூபாய் வாடகை வரும் ஃப்ளாட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சொத்துவரி மாதத்துக்கு 600, மெட்ரோ வாட்டர் 200, இன்ஷூரன்ஸ் 250. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை 60,000 ரூபாய்க்குப் பெயின்ட் என்றால் மாதம் 1,250. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும் என்று வைத்தால் 1,833. மெயின்டனன்ஸைச் சேர்க்காமலே மொத்தம் 4,133. இஎம்ஐக்கு முன்பே உங்கள் வாடகை 17,867தான். அந்த 4,133-ஐ வாடகை வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட்டால் ஏப்ரலில் கடன் வாங்க வேண்டியிராது.

பள்ளி விடுமுறை தொடங்கியதும் வீடு மாறும் குடும்பங்கள் அதிகம். காலி செய்யப் போகிறார்களா என்று இப்போதே கேட்டுவிடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் தர வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் போட்டோ எடுத்து, அதுவரை ஓடிய யூனிட்டுக்கான தொகையை அட்வான்ஸில் கழித்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.