யூரியாவைப் பற்றி நிற்கும் நுண்துணிக்கை

வயலில் விசிறப்படும் யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஆயினும் பயிர் உட்கொள்வது பலவேளைகளில் அதன் அரைவாசிக்கும் குறைவே. யூரியா நீரில் விரைவிற் கரைகின்றது. பின்னர் மண்ணிலுள்ள நொதியத்தால் அமோனியாவாக மாறி, ஒரு பங்கு காற்றோடு கலக்கின்றது. வேறொரு பங்கு வடிநீரோடு போய்விடுகின்றது. மரக்கறித் தோட்டங்களிலோ நைத்திரேற்றாக மாறிய பங்கு வேருக்குக் கீழே இறங்கிக் கிணற்றையும் கெடுக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இக்கேடு காணப்பட்டுள்ளது.

இவ்விழப்பைக் குறைக்கும் வழியொன்றைக் கொழும்பு மாவட்டத்து ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அரசும் தனியார் கம்பனிகளும் சேர்ந்து 2008ஆம் ஆண்டில் நிறுவிய நிலையம் அது. பேராசிரியர்கள் நில்வலா கோட்டேகொட, கெஹான் அமரதுங்க ஆகியோரை உள்ளிட்ட குழுவினரின் முடிவுகள் 2017இல் வெளியாயின.

அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ஐதரொட்சி அப்பற்றைற்று. எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் பொசுபேற்று இவ்வினத்ததே. அதனை நனோ அளவில் ஆக்கினர். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே நனோமீற்றர். மரவள்ளிக் கிழங்கைச் சீவலாகச் சீவும்போது வெயில் படும் பரப்புப் பெருகுவதுபோல, துணிக்கை நுண்ணிதாக ஆக யூரியா பற்றும் பரப்பும் பெருகும். ஆகவே நிறையில் ஒரு பங்கு அப்பற்றைற்று ஆறு பங்கு யூரியாவைத் தாங்குகின்றது. நீரிலிட்ட சோதனையில் இது தனி யூரியாவைவிட ஏறத்தாழ 12 மடங்கு மெதுவாக நைதரசனை விட்டது.

நெல் வயற் பரிசோதனையில், யூரியாவின் அளவை அரைவாசியாகக் குறைத்து இப்பசளையை இட்டபோது எக்டேயருக்கு 7.9 தொன் கிடைத்தது. சிபாரிசு செய்யப்பட்ட முழு அளவு தனி யூரியா இட்டபோது கிடைத்தது 7.3 தொன். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்ததைக் கண்ட கமக்காரருக்கு இவ்வெண்களின் பெறுமதியை விளக்க வேண்டியதில்லை. அவ்வாண்டில் இந்தியாவிலிருந்து வந்த நனோ நைதரசன் திரவம் வேறொரு பொருள். அது இலையில் தெளிப்பது.

ஆனால் அரைவாசி அளவு என்பது இந்த இணைப்புப் பசளைக்கே உரியது. சாதாரண யூரியாவை அவ்வாறு குறைத்தால் நெல் மஞ்சளிக்கும். மட்டம் வெடிப்பதும் குன்றும். அதனைப் போதனாசிரியர் கூறும் அளவிலேயே, பல தடவைகளாகப் பிரித்து இடுதல் வேண்டும். இடும் நாளில் தேங்கிய நீரை வடித்து, மடைவாயை அடைத்து, களை நீங்கிய வயலில் விசிறுக. மழை இருண்டு நிற்கும் நாளில் விசிறலாகாது.