கிணற்று நீரைக் கட்டத்தாளில் பார்த்துப் பயிரிடுங்கள்

நவரைப் பட்டத்தில் நெல் நட்டு, மணி முற்றும் தறுவாயில் கிணறு வற்றிப்போனால் விதை, உரம், உழைப்பு எல்லாம் வீணாகும். கிணற்றில் எவ்வளவு நீர் இருக்கிறது, அது எத்தனை நாளைக்கு வரும் என்பதை நடவுக்கு முன்பே ஓரளவு கணக்கிட முடியும். இதற்குத் தேவையானவை ஒரு கயிறு, ஒரு பென்சில், ஒரு கட்டத்தாள் ஆகியவையே.

தறியிலும் அங்கன்வாடியிலும்

கட்டத்தாள் ஆரணி வட்டாரத்துக்குப் புதிதல்ல. முள்ளிப்பட்டு போன்ற நெசவு ஊர்களில் பட்டுச் சேலையின் புட்டா, கரை, முந்தி ஆகியவற்றின் உருவம் முதலில் கட்டத்தாளில்தான் பிறக்கிறது. ஒவ்வொரு கட்டமும் பாவு நூலும் ஊடை நூலும் சந்திக்கும் ஓர் இடத்தைக் குறிக்கும். அதைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடுவார்கள். இன்று பலர் கணினியில் வரைந்தாலும் கட்டக் கணக்கு மாறவில்லை. பட்டு நூல் தறியேறுமுன் பிழை தாளிலேயே தெரிந்துவிடுவதால் நட்டம் தவிர்க்கப்படுகிறது.

அரசுப் பணியிலும் இம்முறை பயன்பட்டுள்ளது. 1980ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, அட்டையில் புள்ளி வைத்துக் கோடிட்டனர். கோடு ஏறாத குழந்தைகளைக் கண்டறிந்து சத்துமாவு கொடுத்தனர். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் கோடு ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது புரிந்தது.

அண்டை மாநில விவசாயிகளின் அனுபவம்

அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் சித்தூர், அனந்தபூர், கடப்பா உள்ளிட்ட வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையோடு 2003ஆம் ஆண்டு ஒரு நிலத்தடி நீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. மழையளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் விவசாயிகளே அளந்தார்கள். ஊர்ப் பலகையில் எல்லாரும் காண எழுதி வைத்தார்கள். பருவத் தொடக்கத்தில் ஒன்றுகூடி, இருக்கும் நீரையும் பயிருக்கு வேண்டிய நீரையும் ஒப்பிட்டார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் பல ஊர்களில் நெல் பரப்பைக் குறைத்து, குறைந்த நீர்ப் பயிர்களுக்கு மாறினார்கள்.

அளக்கும் முறை

1. கயிற்றின் நுனியில் சிறு கல்லைக் கட்டி, ஓர் அடிக்கு ஒரு முடிச்சுப் போடவும்.

2. மாதம் இருமுறை, குறிப்பிட்ட நாட்களில், காலையில் மோட்டார் போடுமுன் அளக்கவும். கிணற்றின் மேல்விளிம்பிலிருந்து நீர்ப்பரப்பு வரை எத்தனை அடி என்று பார்க்கவேண்டும்.

3. கட்டத்தாளின் மேல்வரியில் மாதங்களை எழுதவும். இடப்பக்கம் மேலிருந்து கீழாக அடிக்கணக்கைக் குறிக்கவும். அளந்த ஆழத்துக்கு நேரே புள்ளி வைத்து, புள்ளிகளைக் கோட்டால் இணைக்கவும். நீர் இறங்கினால் கோடும் இறங்கும்.

4. ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள், 200 லிட்டர் பீப்பாய் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துவரலாம். விநாடி கூடினால் நீர்வரத்துக் குறைகிறது என்று பொருள்.

கோடு சொல்லும் சேதி

எடுத்துக்காட்டாக, 45 அடிக் கிணறு ஒன்றைக் கொள்வோம். சென்ற ஆண்டு தைத் தொடக்கத்தில் 20 அடியில் நின்ற நீர், சித்திரைத் தொடக்கத்தில் 38 அடிக்கு இறங்கியது. அதாவது மாதம் 6 அடி. இவ்வாண்டு தையில் நீர் 30 அடியில் நிற்கிறது. எஞ்சியிருப்பது 15 அடியே. அதே அளவு இறைத்தால் இரண்டரை மாதத்தில் கிணறு வற்றும். தை முதலில் நட்ட நெல் அப்போதுதான் மணி முற்றிக்கொண்டிருக்கும். ஆகவே, நாற்று விடுமுன்பே நெல் பரப்பைக் குறைப்பது நல்லது.

30 அடி நீளமும் 30 அடி அகலமும் உள்ள கிணற்றில் ஓர் அடி நீர் என்பது சுமார் 25,500 லிட்டர். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் கட்ட ஏறத்தாழ 2 லட்சம் லிட்டர் வேண்டும். ஊற்று நீரைச் சேர்க்காவிட்டால் இது கிணற்றில் 8 அடி நீருக்குச் சமம். நெல்லுக்குச் சுமார் 1,200 மி.மீ. நீர் தேவை, நிலக்கடலைக்குச் சுமார் 500 மி.மீ. போதும், கேழ்வரகுக்கு இன்னும் குறைவு. ஓர் ஏக்கர் நெல்லுக்கு ஆகும் நீரில் இரண்டு ஏக்கர் நிலக்கடலையை விளைவிக்கலாம்.

பத்துப் பேர் சேர்ந்தால் பலன்

ஒரு கிணற்றின் கோடு மட்டும் முழுச் சேதியைச் சொல்லாது. பக்கத்து நிலத்தில் புதிய ஆழ்குழாய் இறங்கினாலும் நீர் குறையும். ஒரே பகுதியிலுள்ள பத்து விவசாயிகள் தத்தம் தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தால், மழைக் குறைவா, மிகுதியாக இறைப்பதா என்பது விளங்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அளவைத் தொடங்கினால், மழையால் ஏறிய நீரையும் கண்டுகொள்ளலாம். பயிர்த் தேர்வு குறித்து அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்தை அணுகும்போது இந்தத் தாளையும் எடுத்துச் செல்வது பயன்தரும்.