கண்ணாடியும் பொத்தானும்

"விளையாட்டுக் கருவியைப் பற்றிப் பள்ளி ஆண்டு மலரில் ஒரு பாடமா?" என்று பெற்றோரில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பரீட்சை நெருங்கும் வேளையில் பிள்ளைகளின் கையிலிருந்து டேப்லெட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டும் அன்னையரின் கவலையை நானும் அறிவேன். நானும் அவ்வாறு பூட்டியவளே. எனினும் சென்ற கோடை விடுமுறையில் என் தமக்கையின் வீட்டில் நான் கண்ட ஒரு காட்சி, அந்தக் கருவியை வேறு கண்ணோடு பார்க்க வைத்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் பாடம்.

மாணவச் செல்வங்களே! ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். டேப்லெட்டின் திரையை விரல் நுனியால் தொடுங்கள். அது உடனே பணிகிறது. அதே இடத்தை நகத்தின் நுனியால் மட்டும் தொடுங்கள், பேசாமல் கிடக்கிறது. ஏன்? அந்தக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திப் படலம் ஒன்று, கட்டம் கட்டமாகப் பரப்பப்பட்டிருக்கிறது. நம் உடல் மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. ஆகவே விரல் நெருங்கியதும் அந்த இடத்தின் மின்னூட்டம் சிறிது மாறுகிறது. எந்தக் கட்டத்தில் மாற்றம் நேர்ந்தது என்று கணக்கிட்டு, "விரல் இங்கே இருக்கிறது" என்று டேப்லெட் அறிந்துகொள்கிறது. நகம் மின்சாரத்தை நன்கு கடத்துவதில்லை. ஆதலால் அதன் தொடுகை டேப்லெட்டுக்கு எட்டுவதே இல்லை.

விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணாடிக்குத் தெரிகிறது. ஆனால் தான் எங்கே இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரிகிறதா? வழுவழுப்பான அந்தப் பரப்பில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. கண் பார்த்துச் சொன்னால்தான் விரல் அறியும். விளையாட்டிலோ கண்ணுக்கு வேறு வேலை இருக்கிறது. போதாக்குறைக்கு, திரையில் வரைந்து காட்டப்படும் பொத்தான்களின் மேல் கட்டைவிரலை வைத்தால், பார்க்க வேண்டிய படத்தையே அது மறைத்துவிடுகிறது.

தடவி அறியும் விரலின் ஆற்றலைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த லூயி பிரெயில் 1829-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறையில், ஆறே புள்ளிகளைக் கொண்டு பார்வையற்றோர் நூல்களைப் படிக்கின்றனர். தட்டச்சு பயிலும் அக்காமார்களைக் கேளுங்கள்: கணினியின் விசைப்பலகையில் எஃப், ஜே என்னும் இரண்டு எழுத்துகளின் மேல் மட்டும் சிறு மேடு இருக்கும். பொத்தான் வைத்த கைப்பேசியில் 5 என்னும் எண்ணின் மேலும் அப்படியே. அந்த மேட்டைத் தொட்டதும் மற்ற விரல்கள் தத்தம் இடத்தைத் தாமே கண்டுகொள்கின்றன.

கேம் கன்ட்ரோலர் என்பதும் இந்த உண்மையின் மேல் எழுந்த கருவியே. இரு கைகளாலும் பிடிக்கத்தக்க அதன் இடப்பக்கத்தில் சிலுவை வடிவில் ஒரு விசை இருக்கக் காணலாம். ஜப்பானிய நிறுவனமான நின்டென்டோவில் பணியாற்றிய குன்பெய் யோகோய் என்பவர் அதை வடிவமைத்தார்; 1982-இல் வெளிவந்த டாங்கி காங் என்னும் கையடக்க விளையாட்டில் அது இடம்பெற்றது. கட்டைவிரலை நடுவில் வைத்தால் போதும். மேலும் கீழும் இடமும் வலமும் எங்கே என்று பாராமலே தெரிந்துவிடும். நான்கு தனித்தனிப் பொத்தான்களை வைத்திருந்தால் விரல் ஒவ்வொன்றையும் தேடி அலைந்திருக்கும். எளிய பொருள்தான்; ஆனால் எத்தனை கூர்மையான சிந்தனை!

பழுதான டி.வி. ரிமோட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பல கன்ட்ரோலர்களின் பொத்தான்களும் அதே முறையில் அமைந்தவைதாம். ரப்பர்க் குமிழின் அடியில் கரி பூசிய சிறு வட்டம் ஒன்று இருக்கும். அழுத்தியதும் அது கீழே உள்ள மின்தடத்தின் இடைவெளியை இணைக்கிறது. விட்டதும் குமிழ் எழும்பி இணைப்பைத் துண்டிக்கிறது. அழுத்தம் உண்டு, இல்லை என்னும் இரண்டே செய்திகள்.

கட்டைவிரலால் சாய்க்கும் குச்சியின் கதை வேறு. அது எவ்வளவு சாய்ந்தது என்றும் சொல்ல வேண்டும். அதற்காக அதன் அடியில் இரண்டு மாறுமின்தடைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைக்கப்பட்டுள்ளன. பழைய ரேடியோவில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகியினுள் இருப்பதும் இந்த மாறுமின்தடையே. ஒன்று இட வலச் சாய்வை அளக்க, மற்றொன்று மேல் கீழ்ச் சாய்வை அளக்கிறது. கணக்கு வகுப்பில் வரைபடத்தாளில் நீங்கள் குறிக்கும் எக்ஸ் அச்சும் ஒய் அச்சும் இவைதாம்! பல கன்ட்ரோலர்களில் ஒவ்வோர் அச்சும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணாக டேப்லெட்டைச் சென்றடைகிறது. குச்சி நேராக நிற்கையில் அவ்வெண் ஏறத்தாழ 128. "இந்த வரைபடம் எங்கள் வாழ்க்கையில் எதற்கு, டீச்சர்?" என்று ஆண்டுதோறும் என்னைக் கேட்பவர்களுக்கு இந்தப் பத்தியைக் காணிக்கையாக்குகிறேன்.

நாளடைவில் இம்மின்தடைகள் உராய்ந்து தேய்கின்றன. அப்போது குச்சியைத் தொடாதபோதே திரையில் வண்டி ஒரு பக்கமாக நகரத் தொடங்கும். இதைச் சமாளிக்க, நடுவில் ஒரு சிறு வட்டத்துக்குள் நேரும் அசைவைப் பொருட்படுத்தாமல் விடுமாறு விளையாட்டை அமைத்திருப்பார்கள். தேய்மானமே வேண்டாமென்று சில கன்ட்ரோலர்களில் காந்தத்தைப் பயன்படுத்துகிறார்கள். 1879-இல் எட்வின் ஹால் கண்டறிந்த ஹால் விளைவு இங்கே உதவிக்கு வருகிறது. அதை அளக்கும் பாகங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, தொடாதது தேய்வதுமில்லை.

இனி, கம்பி இல்லாமல் இச்செய்திகள் டேப்லெட்டுக்கு எப்படிப் போகின்றன? புளூடூத் என்னும் வானொலி அலை வழியாக. இது ஏறத்தாழ 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில் இயங்குவதால், சந்தைக் கூட்டத்தில் பேசுவது போன்ற நிலை. அதற்கு அழகான உபாயம் ஒன்று உண்டு. ஒரே அலைவரிசையில் நில்லாமல், இரு கருவிகளும் முன்னரே ஒத்துக்கொண்ட வரிசைப்படி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே பேசுகின்றன. பழைய புளூடூத் முறையில் 79 அலைவரிசைகள். நொடிக்கு 1600 தாவல்கள்.

தாவிப் பேசும் இந்த எண்ணத்திற்கு முன்பே காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி! வியன்னாவில் 1914-இல் பிறந்து, ஹாலிவுட்டில் புகழ்பெற்ற நடிகையாக விளங்கிய ஹெடி லாமர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கடற்படையின் நீர்மூழ்கிக் குண்டுக்கு அனுப்பும் கட்டளையைப் பகைவர் குலைக்காமலிருக்க, ஜார்ஜ் ஆந்தைல் என்னும் இசையமைப்பாளருடன் சேர்ந்து இம்முறையை வகுத்தார். பியானோவின் கட்டைகளைப் போலவே இவர்கள் வகுத்த அலைவரிசைகளும் 88. 1942 ஆகஸ்டு 11-இல் காப்புரிமை கிடைத்தது. போர் முடியும் வரை அமெரிக்கக் கடற்படை அதைப் பயன்படுத்தவில்லை. அழகியின் படத்தை ஒட்டி மகிழ்ந்தவர்கள், அவருடைய அறிவைக் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. 2014-இல்தான் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அப்போது அவர் உயிரோடு இல்லை.

இணைக்கும் முறை கடினமன்று. கன்ட்ரோலரை முதலில் "என்னை யாரேனும் அழையுங்கள்" என்னும் நிலையில் வைக்க வேண்டும். எக்ஸ்பாக்ஸ் வகையில் மேல் விளிம்பிலுள்ள சிறு பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 4 வகையில் ஷேர் பொத்தானையும் நடுவிலுள்ள பி.எஸ். பொத்தானையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். விளக்கு விட்டுவிட்டு மின்னும். பின்னர் டேப்லெட்டின் அமைப்புகளில் புளூடூத் பகுதியைத் திறந்து, தோன்றும் பெயரைத் தொட்டால் தீர்ந்தது. ஆண்ட்ராய்டில் இவ்வசதி 2011-இல் 3.1 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஐபேடில் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலர்களை இணைக்க 2019 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பழையதை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்களில் 2016-க்கு முந்தியவற்றில் புளூடூத் கிடையாது. இணைந்த பிறகும் எல்லா விளையாட்டுகளும் கன்ட்ரோலரை ஏற்பதில்லை. திரையைத் தொட்டே ஆட வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவையும் உண்டு.

இப்போது அந்தக் காட்சிக்கு வருகிறேன். என் தமக்கையின் இளைய மகளுக்குப் பத்து வயது. பிறந்தது முதலே அவளுடைய கைவிரல்கள் நினைத்தபடி விரிவதில்லை. படிப்பில் சுட்டி. ஆனால் டேப்லெட்டில் ஒரு படத்தைத் தொட விரலை நீட்டினால், உள்ளங்கையும் சேர்ந்து கண்ணாடியில் படும். பக்கம் எங்கோ ஓடிவிடும். விடை தெரிந்தும் தவறு என்று சிவப்புக் கோடு விழும். அவள் அழமாட்டாள். "எனக்கு வேண்டாம் சித்தி, அண்ணனுக்கே கொடுங்கள்" என்று ஒதுங்கிவிடுவாள். அந்தச் சொல்லைக் கேட்பதற்கு அவள் அழுதிருக்கலாம்.

ஒரு நாள் மாலை அவளுடைய அண்ணன் தன் கன்ட்ரோலரை டேப்லெட்டோடு இணைத்து மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். அவள் அதைக் கையில் எடுக்கவில்லை. மேசையிலேயே கிடந்த அதன் சிலுவை விசையின் மேல் கட்டைவிரலின் பக்கவாட்டை வைத்து அழுத்தினாள். திரையில் கார் திரும்பிற்று. அவள் கை முழுவதும் கன்ட்ரோலரின் மேல் கிடந்தது. அதனால் ஒரு தீங்கும் நேரவில்லை, ஏனெனில் அழுந்தியது அந்த ஒரு விசை மட்டுமே. திரும்பி வந்த பையன் கதவருகே நின்றுவிட்டான். நல்ல பிள்ளை, வாய் திறக்கவில்லை. நானும் அடுப்பில் பால் இருந்ததை மறந்து நின்றேன். பொங்கி வழிந்த பிறகே நினைவு வந்தது.

மறுநாள் அவளுடைய பாடச் செயலியில் முயன்று பார்த்தோம். ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் சிலுவை விசையைக் கொண்டு ஒரு படத்திலிருந்து அடுத்த படத்திற்கு நகர்ந்து, பொத்தானை அழுத்தித் தேர்ந்தெடுக்க இயலும். செயலி அதற்கு இசைய வேண்டும், அவ்வளவுதான். அவளிடமிருந்த மூன்றில் ஒன்று இசைந்தது. மற்ற இரண்டும் இன்றுவரை இசையவில்லை.

இத்தகையோருக்கென்றே செய்த கருவிகளும் உண்டு. மைக்ரோசாஃப்ட் 2018-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் அகன்ற இரு பெரும் பொத்தான்களும், பின்புறம் 19 சிறு துளைகளும் இருக்கின்றன. காலால் மிதிக்கும் விசையையோ முழங்கையால் தட்டும் விசையையோ அத்துளைகளில் செருகிக்கொள்ளலாம். அறிமுகமானபோது விலை ஏறத்தாழ 100 டாலர். நம் குடும்பங்களுக்கு அது பெருந்தொகை. ஐபேடில் 2022-இல் வந்த வசதி ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாகக் கருதி, ஒரே ஆட்டக்காரரை இருவர் சேர்ந்து நடத்தலாம். பிள்ளையால் முடிந்ததைப் பிள்ளை செய்ய, முடியாததை மட்டும் அருகிலிருப்பவர் செய்கிறார்.

தமக்கையின் வீட்டில் ஐபேட் இல்லை. அங்கே இப்போது கன்ட்ரோலர் நழுவாமலிருக்க அதன் அடியில் நனைத்துப் பிழிந்த துணியொன்றை மடித்து வைத்திருக்கிறார்கள். மாலை ஐந்து முதல் ஆறு வரை அது அவளுடையது. ஆறு மணிக்கு அண்ணன் வந்து கேட்டால், "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்கிறாளாம்.