பாடம் 7: திரையில் ஒரு பாடம்

அறிவியல் பாடவேளையில் ஆசிரியர் சாளரங்களை மூடிவிட்டு, வெண்திரையில் படம் ஒன்றை ஓடவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். விளக்கு அணைந்தவுடன் வகுப்பில் எழும் ஆரவாரத்தைச் சொல்லத் தேவையில்லை. இன்று பாடம் தப்பியது என்று மகிழ்வோரும் உண்டு. அத்தகைய கல்விப் படங்கள் நம் நாட்டுப் பள்ளிகளுக்குள் எவ்வாறு நுழைந்தன என்பதையும், அவற்றைக் கொண்டு நாம் எவ்வாறு தமிழ் பயிலலாம் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள், ‘செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை’ என்னும் பெருமுயற்சி இந்தியாவில் தொடங்கியது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து இதனைச் ‘சைட்’ என்பர். ஆந்திரப் பிரதேசம், கர்நாடகம், ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், இராசத்தான் ஆகிய ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் தொலைக்காட்சிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதே மாதம் 15ஆம் நாள்தான். ஆகவே, சென்னை மாநகரத்துச் சிறுவர்களுக்கு இரு வாரங்கள் முன்னதாகவே, பேருந்தும் எளிதில் செல்லாத சில ஊர்களின் சிறுவர்கள் தொலைக்காட்சி கண்டுவிட்டனர். இச்செய்தியை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சற்று வியப்பு உண்டாகும்.

இஃது எவ்வாறு இயன்றது? அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, ‘ஏ.டி.எஸ்–6’ என்னும் தன் செயற்கைக்கோளை ஓராண்டுக் காலம் இந்தியாவின் பயன்பாட்டிற்கு அளித்தது. நிலநடுக்கோட்டிற்கு மேலே, தரையிலிருந்து ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் அதே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கும். எனவே, கீழிருந்து நோக்குவோர்க்கு அது வானில் ஒரே இடத்தில் அசையாது நிற்பதுபோல் தோன்றும். அகமதாபாத்திலிருந்து அனுப்பப்பட்ட நிகழ்ச்சிகளை அது வாங்கி, சிற்றூர்களை நோக்கித் திருப்பி அனுப்பியது. ஊர்களில் அதனை ஏற்றது எது தெரியுமா? கோழிக்கூண்டு அடைக்கப் பயன்படும் கம்பிவலையால் செய்த, மூன்று மீட்டர் அகலமுள்ள கிண்ண வடிவ அலைவாங்கி! மின்சாரம் எட்டாத ஊர்கள் சிலவற்றில் தொலைக்காட்சிப் பெட்டி மின்கலத்தால் இயங்கியது.

அசையாது நிற்கும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே கட்டுரை எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் அவர் இலங்கையில் வாழ்ந்தார். இலங்கையில் தொலைக்காட்சியே இல்லாத அக்காலத்தில், இந்தியப் பொறியாளர்கள் கொழும்பில் அவர்தம் இல்லத்திற்குச் சென்று அலைவாங்கி ஒன்றை நிறுவித் தந்தனர். தாம் எழுதியது மெய்யானதை அவர் தம் வீட்டிலிருந்தே கண்டார்.

சைட் திட்டத்தில் காலை வேளை பள்ளிச் சிறுவர்களுக்கு உரியது. இந்தி, தெலுங்கு, கன்னடம், ஒரியா ஆகிய நான்கு மொழிகளில், மொழிக்கு 22 மணித்துளிகளுக்குச் சற்று மிகுதியாக நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்களும் விடுபடவில்லை. ஏறத்தாழ 50,000 ஆசிரியர்கள் இத்திட்டத்தின் வழியே அறிவியல் கற்பிக்கும் பயிற்சி பெற்றனர். 1976 ஜூலை 31 அன்று ஓராண்டு முடிந்தது. செயற்கைக்கோள் வேறிடம் நகர்த்தப்பட்டது. இரவல் பொருளைக் கேட்டவுடன் திருப்பித் தரத்தானே வேண்டும்?

சொந்தமாக ஒன்று வேண்டும் என்னும் வேட்கை நிறைவேற நெடுங்காலம் ஆயிற்று. அது நிறைவேறிய இடம் நமக்கு மிக அண்மையில் உள்ளது. 2004ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று, பிற்பகல் நான்கு மணியளவில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி. ஏவுகலம் ‘எஜுசாட்’ என்னும் செயற்கைக்கோளைச் சுமந்துகொண்டு எழுந்தது. ஏறத்தாழ 1,950 கிலோகிராம் எடையுள்ள அது, கல்விக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் செயற்கைக்கோள். ஸ்ரீஹரிகோட்டா அன்று நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபின் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. உங்களுள் சிலருக்குச் சூலூர்ப்பேட்டையில் உறவினர் இருக்கக்கூடும். அடுத்த முறை அங்குச் செல்லும்போது இதனை நினைத்துக்கொள்ளுங்கள்.

சைட் பேசிய நான்கு மொழிகளில் தமிழ் இல்லை என்பதை நீங்கள் கவனித்தீர்களா? தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களுள் ஒன்றாக இல்லாததே காரணம். இன்று அக்குறை இல்லை. தமிழ்நாட்டரசு 2019 ஆகஸ்டு 26 அன்று கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது; அதன் பாடங்களை இணையத்தின் வழியே சித்தூரிலும் காணலாம். ஆயினும் நம் வகுப்பில் ஓடும் படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசுகின்றன. அப்படங்களால் தமிழுக்கு என்ன பயன் என்று நானும் ஒரு காலத்தில் எண்ணியதுண்டு.

நான் தமிழ்நாட்டிலிருந்து இப்பகுதிக்குப் பணிக்கு வந்த முதல் ஆண்டில் நிகழ்ந்தது இது. ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி. தந்தை இரயில்வே ஊழியர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும். தமிழ் நன்றாகப் பேசுவாள். ஆனால் எழுதச் சொன்னால் குறிப்பேட்டை வெறுமையாகவே வைப்பாள். ஒருநாள் நீர்ச் சுழற்சி பற்றிய ஆங்கிலப் படம் ஒன்றைக் காட்டினேன். ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. வேறு வழியின்றி, “ஒலி இல்லாமலே பாருங்கள், கண்டதைத் தமிழில் எழுதுங்கள்” என்றேன். கடல்நீர் ஆவியாயிற்று, முகில் திரண்டது, மலையில் மழை கொட்டியது.

அன்று அவள் நான்கு வரிகள் எழுதியிருந்தாள். மூன்றாம் வரி: “வானம் விழுந்தது.” அதனை உரக்கப் படித்து நான் நகைத்துவிட்டேன். வகுப்பு முழுவதும் நகைத்தது. அவள் குறிப்பேட்டை மூடிக்கொண்டாள்.

வீடு திரும்பும் வழியில்தான் எனக்கு விளங்கியது. தெலுங்கில் ‘வான’ என்றால் மழை. அம்மொழியில் மழை ‘பெய்யாது’, ‘விழும்’. அவள் வானத்தை விழச் செய்யவில்லை. தெலுங்கில் நினைத்துத் தமிழில் எழுதியிருக்கிறாள். அதுமட்டுமா? தமிழிலும் ‘வான்’ என்னும் சொல்லுக்கு மழை என்ற பொருள் உண்டு. திருக்குறளின் இரண்டாம் அதிகாரம் ‘வான்சிறப்பு’. அது கூறுவது வானத்தின் சிறப்பையன்று, மழையின் சிறப்பை. முதுகலைத் தமிழ் படித்த எனக்கு அந்நொடியில் அது நினைவுக்கு வரவில்லையே என்று நாணினேன்.

மறுநாள் வகுப்பில் முதலில் என் பிழையைக் கூறினேன். பிறகு கரும்பலகையில் ‘வான்’ என எழுதி, இருமொழிகளிலும் அதன் பொருளை விளக்கினேன். அம்மாணவி எழுந்து, “அப்படியென்றால் நான் எழுதியது சரியா, தவறா, ஐயா?” என்று கேட்டாள். “இக்காலத் தமிழில் ‘மழை பெய்தது’ என்றே எழுத வேண்டும், அம்மா. ‘வான் பொழிந்தது’ என்பது செய்யுள் வழக்கு. ‘விழுந்தது’ என்பது தெலுங்கு வழக்கு” என்றேன். அவள் மூன்றையும் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அதன்பின், ஒலிபெருக்கி நன்றாக இருக்கும் நாளிலும் நான் படத்தை முதன்முறை ஒலியின்றியே காட்டுகிறேன். பேச்சு ஒலிக்கும்போது அது சொல்வதையே ஏற்றுக்கொள்கிறோம்; ஒலி இல்லாதபோது சொற்களை நாமே தேட வேண்டியுள்ளது. ஒரு காட்சி விளங்கவில்லையென்றால், “ஐயா, நிறுத்துங்கள்” என்று கூறத் தயங்காதீர்கள். சைட் காலத்துச் சிறுவர்களால் அவ்வாறு கேட்க இயலவில்லை. விண்ணிலிருந்து வந்த படம் அவர்களுக்காக நிற்காது. உங்கள் வகுப்புப் படம் நிற்கும்.

அருஞ்சொற்பொருள்
சாளரம் – ஜன்னல்; மணித்துளி – நிமிடம்; வேட்கை – பெருவிருப்பம்; முகில் – மேகம்; நாணினேன் – வெட்கப்பட்டேன்.

பயிற்சி
1. செயற்கைக்கோள் வானில் அசையாது நிற்பதுபோல் தோன்றுவது ஏன்? மூன்று தொடர்களில் எழுதுக.
2. ‘அவசரம்’ என்னும் சொல் தமிழில் விரைவையும் தெலுங்கில் தேவையையும் குறிக்கும். இவ்வாறு ஒலி ஒத்துப் பொருள் வேறுபடும் சொற்கள் இரண்டினை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.
3. ஐந்து மணித்துளிப் படம் ஒன்றை ஒலியின்றிக் கண்டு, கண்டதைப் பத்து வரிகளில் எழுதுக. தமிழ்ச்சொல் நினைவுக்கு வராத இடத்தில் தெரிந்த சொல்லையே எழுதி அடிக்கோடிடுக, அழிக்க வேண்டா.