வேண்டாத விளம்பரங்களைத் தடுக்கும் முறை

வயலுக்கு நீர் பாய்ச்சும் வேளையில் கைபேசி ஒலிக்கிறது. கரையேறிக் கையைத் துடைத்து எடுத்தால், மனை விற்போரின் அழைப்பு! இத்தொல்லையை நாம் பொறுத்துக்கொண்டே இருக்க வேண்டுவதில்லை. எவ்விளம்பரம் வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்யும் உரிமை நமக்கே உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2018-ஆம் ஆண்டில் வகுத்த விதிகள் இதற்கு வழி செய்கின்றன.

முறை எளிது. நம் கைபேசியிலிருந்து 1909 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்து விருப்பத்தைப் பதியலாம். விளம்பரம் அனைத்தையும் தடுக்கலாம். அல்லது வங்கி, மனை, கல்வி, சுற்றுலா முதலிய பிரிவுகளுள் வேண்டாதவற்றை மட்டும் தடுக்கலாம்.

பயிர்க்கடன் பற்றிய வங்கிச் செய்தியும் நின்றுவிடுமோ என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வேண்டா. கணக்கின் வரவு செலவுச் செய்திகளும் அரசு அறிவிப்புகளும் விளம்பரமாகக் கருதப்படுவதில்லை. அவை வழக்கம்போல் வரும்.

கடையில் படிவம் நிரப்புகையில் நாம் இசைவு அளித்திருந்தால், அக்கடையின் செய்திகள் தொடரும். அவ்விசைவையும் நாம் திரும்பப் பெறலாம். பதிந்த பின்னும் விளம்பரம் வந்தால், ஏழு நாட்களுக்குள் 1909-க்கே முறையிடலாம்.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. மோசக்காரர் எவ்விதிக்கும் கட்டுப்படார். ஓ.டி.பி. எண்ணைக் கேட்பவர் எவராயினும் அதனைக் கூறலாகாது.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அடுத்த கிராம சபையில் இதனை விளக்கி, எழுத்தறியா முதியோருக்கு உடனிருந்து பதிவு செய்து கொடுப்பார்களாயின், அது சிறந்த தொண்டாகும்.