தீர்ப்புச் சொல்கிறவரைத் தனியாகப் பார்க்கலாமா?



"கேஸ் போட்டாச்சு. வர்ற மாசம் திகதி. அதுக்கு முன்னால ஐயாவ வீட்டுல போய்ப் பாத்து நம்ம கஷ்டத்த ஒரு வார்த்த சொல்லிட்டு வந்தா என்ன?"

வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவருடைய லயத்துக் காம்பராவில் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. மாமா சொல்வார், பக்கத்து வீட்டு அக்கா சொல்வார், டவுனில் கடை வைத்திருக்கிற சொந்தக்காரர் "எனக்கு ஆளைத் தெரியும்" என்பார். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தையால் கையில் வந்த வேலை மறுபடியும் போய்விடலாம். எப்படி என்பதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்? 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் வந்த திருத்தத்தால் தொழில் நியாய சபைகள் ஏற்பட்டன. லேபர் கோர்ட் என்று நம்ம ஆட்கள் சொல்வது இதைத்தான். ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி போன்ற இடங்களில் இருக்கின்றன. வேலை நீக்கம் சரியா பிழையா என்று அங்கே விசாரித்து முடிவு சொல்கிறவருக்கு உத்தியோகப் பெயர் "தலைவர்". தோட்டத்துச் சங்கத் தலைவரோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். தோட்டத் தலைவர் நம்ம ஆள். எந்த நேரமும் போய்ப் பேசலாம், பேசவும் வேண்டும். நியாய சபைத் தலைவர் நம்ம ஆளுமில்லை, தொரையின் ஆளுமில்லை. அவரை நியமிப்பது நீதிச் சேவை ஆணைக்குழு. அவர் ஒரு நீதவானைப் போலத்தான் நடக்க வேண்டும், நாமும் அவரிடம் அப்படித்தான் நடக்க வேண்டும்.

நம்ம ஆட்களுக்கு ஏன் இந்தத் தனியாகப் போய்ப் பார்க்கிற பழக்கம் வந்தது என்று யோசித்தால் அவர்களைக் குறை சொல்ல மனம் வராது. நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தோட்டத்தில் குற்றம் சாட்டுகிறவர், விசாரிக்கிறவர், தண்டிக்கிறவர், மன்னிக்கிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். பேர் வெட்டினாலும், வேலை நிறுத்தினாலும், வீட்டுக்குத் தகரம் கேட்டாலும் ஆபீஸ் வாசலில் தொரை வரும்வரை நிற்க வேண்டும். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்ற தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பெரிய மனுஷனைத் தனியாகப் பார்த்து மனதை இளக்கினால்தான் காரியம் நடக்கும் என்பது அந்த வாசலில் படித்த பாடம். போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது என்பதும் நம்ம பழக்கம்: ஒரு சீப்பு வாழைப்பழம், தோட்டத்தில் போட்ட கோவா நாலு, பண்டிகை என்றால் பலகாரத் தட்டு.

நியாய சபை அந்த ஆபீஸ் வாசல் அல்ல. அங்கே இரண்டு பக்கம் உண்டு. உங்களை ஏன் நிறுத்தினார்கள் என்பதைத் தோட்ட நிர்வாகம் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். நிறுத்தியதை நிர்வாகம் ஒத்துக்கொண்டால், நிறுத்தியது நியாயம் என்று முதலில் காட்ட வேண்டியது அவர்கள்தான். அவர்கள் கொண்டுவருகிற கணக்கப்பிள்ளையையும் காவல்காரரையும் உங்கள் பக்கத்து ஆள் குறுக்குக் கேள்வி கேட்கலாம். தொழிலாளிக்குக் கிடைத்திருக்கிற பெரிய ஆயுதம் இந்தக் குறுக்குக் கேள்விதான். தனியாகச் சொன்ன பேச்சை யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. நீங்கள் தனியாகப் போகலாம் என்றால் தொரையும் தனியாகப் போகலாம். அவரிடம் காரும் உண்டு, கிளப்பும் உண்டு, பேசப் பாஷையும் உண்டு. அந்த ஓட்டப் போட்டியில் யார் ஜெயிப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இது பற்றி ஒரு பழைய வழக்கைச் சொல்ல வேண்டும். மலாயாவில் சுரிந்தர் சிங் காண்டா என்று ஒரு பொலிஸ் இன்ஸ்பெக்டர். அவர் மேல் குற்றம் சாட்டி விசாரணை வைத்து வேலையை விட்டு நீக்கினார்கள். விசாரித்த அதிகாரியின் கையில் விசாரணைக்கு முன்பே ஒரு அறிக்கை இருந்தது. அதில் காண்டாவைப் பற்றிக் கடுமையாக எழுதியிருந்தது. அதிகாரி அதைப் படித்திருந்தார்; காண்டாவுக்கு அதைக் காட்டவில்லை. வழக்கு லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரை போனது. நம்ம நாட்டு வழக்குகளுக்கும் 1971 வரை கடைசி மேன்முறையீட்டு இடம் அதுதான். 1962இல் தீர்ப்பு வந்தது: நீக்கியது செல்லாது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று நமக்கு முக்கியம். தீர்ப்புச் சொல்கிறவர் ஒரு பக்கத்தாரின் முதுகுக்குப் பின்னால் மறு பக்கத்தாரிடம் எதையும் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. அந்த அறிக்கை அதிகாரியின் மனதை உண்மையிலேயே மாற்றியதா என்று பார்க்கத் தேவையில்லை. மாற்றியிருக்கலாம் என்றாலே போதும்.

இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். காண்டாவுக்கு உதவிய இந்த விதி நமக்கு எதிராகவும் திரும்பும். இப்படி வைத்துக்கொள்வோம். ஒரு தம்பி கேஸில் ஜெயித்துவிட்டார். மறுபடியும் வேலை, நின்றுபோன சம்பளமும் உண்டு என்று கட்டளை. நடுவில் அவருடைய அம்மா ஒரு நாள் தலைவர் ஐயாவின் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்த கதை தோட்டம் முழுக்கத் தெரியும். கங்காணி மூலம் ஆபீசுக்கும் தெரியும். சட்டப் பிழை இருந்தால் 30 நாட்களுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். நிர்வாகத்தின் சட்டத்தரணி அந்த வருகையைத்தான் முதல் காரணமாக எழுதுவார். கட்டளையை ரத்து செய்து, வேறொருவர் முன்னால் முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னால்? இன்னும் எத்தனை வருஷம்? அதுவரை அந்த வீட்டில் அடுப்பு எரிவது எதை வைத்து? அம்மா போகாமலே இருந்திருந்தாலும் அந்தத் தம்பி ஜெயித்திருப்பார் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

நல்ல தலைவராக இருந்தால் அம்மாவை வாசலிலேயே திருப்பி அனுப்புவார். கடிதம் போட்டால் அதைக் கோவையில் வைத்து அடுத்த திகதியில் இரண்டு பக்கத்துக்கும் காட்டுவார். அப்போது நீங்கள் ரகசியமாக எழுதியதைத் தொரையின் சட்டத்தரணி சத்தமாக வாசிப்பார். "அன்னைக்குக் கோவத்துல கை நீட்டிட்டேன், மன்னிச்சிருங்க" என்று அதில் ஒரு வரி இருந்தால் கேஸ் அத்தோடு சரி.

அப்படியானால் வீட்டுக் கஷ்டத்தை எங்கே சொல்வது? சாட்சிக் கூண்டில் சொல்லுங்கள். சபை நியாயமும் ஒப்புரவுமான கட்டளை போட வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள், வேறு வேலை தேடினீர்களா, கிடைத்ததா, நிறுத்தின நாளிலிருந்து எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் நட்டஈட்டைத் தீர்மானிக்கும்போது கணக்கில் வரும் விஷயங்கள். உங்கள் பிரதிநிதியிடமோ சட்டத்தரணியிடமோ முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர் கேள்வியாகக் கேட்பார், நீங்கள் பதிலாகச் சொல்வீர்கள், அது பதிவாகும். பதிவான கஷ்டத்துக்குப் பெறுமதி உண்டு. வீட்டு வாசலில் அழுத கஷ்டம் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இதற்காக எல்லாரிடமும் வாயை மூடிக்கொள்ளத் தேவையில்லை. சபை அலுவலகத்துக் கிளாக்கரிடம் போய் அடுத்த திகதி என்ன, கேஸ் நம்பர் என்ன, பிரதி எடுக்க எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்கலாம். அது அலுவலக வேலை. சுகமில்லாமல் வர முடியவில்லையென்றால் வைத்தியச் சான்றிதழைப் பிரதிநிதி மூலம் கொடுங்கள், மற்றப் பக்கத்துக்கும் தெரிவியுங்கள். பஸ்ஸிலோ கோயில் திருவிழாவிலோ தலைவர் ஐயாவைக் கண்டால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதும் மரியாதையில்லை. கேஸ் பேச்சு மட்டும் வேண்டாம்.

தொழில் திணைக்களத்து அதிகாரி விஷயம் கொஞ்சம் வேறு. பிணக்கு வந்தால் அவர் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவார். சில நேரம் உங்களைத் தனியாக உட்கார வைத்து "எதுக்கு ஒத்துக்குவீங்க?" என்று கேட்பார், பிறகு நிர்வாகத்தைத் தனியாகக் கூப்பிடுவார். இது சமாதானம் பேசுகிறவரின் முறை. அவர் அங்கே தீர்ப்புச் சொல்லவில்லை, பயப்பட வேண்டாம். ஆனால் அதே திணைக்களம் கிரட்டுவிட்டி என்கிற சேவைக்காலப் பணத்தைப் பற்றி விசாரித்து இன்ன தொகை கட்டு என்று முடிவு எழுதும்போது, அல்லது பிணக்கு ஒரு நடுத்தீர்ப்பாளரிடம் போயிருக்கும்போது, நியாய சபைக்குச் சொன்ன அதே கவனம் வேண்டும். "இவர் பேசித் தீர்க்கிறவரா, முடிவு எழுதுகிறவரா?" என்று உங்கள் பிரதிநிதியிடம் கேட்டுக்கொண்டால் போதும்.

இன்னொரு சந்தேகமும் நம்ம ஆட்களுக்கு அடிக்கடி வரும். "தொரையோட லோயர் எழும்பி ஏதோ பேசினாரு, ஐயாவும் சிரிச்சாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னமோ முடிச்சிட்டாங்க." அநேகமாக அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எல்லார் முன்னிலையிலும் பேசிய பேச்சு, உங்களுக்கு விளங்கவில்லை என்பதுதான் குறை. அந்தக் குறைக்கும் மருந்து உண்டு. வழக்கு மொழி விளங்காதவருக்கு அரசாங்கமே சிங்களத்திலோ தமிழிலோ மொழிபெயர்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. தொழில் பிணக்கைத் தீர்க்கிற சபைகளும் அதில் அடங்கும். எழுந்து நின்று "எனக்கு விளங்கல்லங்க, தமிழில சொல்லணும்" என்று கேட்பது அவமதிப்பு அல்ல. அதுபோல, இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் ஒன்றாகத் தலைவரின் அறைக்குள் போய்ச் சமரசம் பேசினால் அது களவுப் பேச்சு ஆகாது. வெளியில் வந்ததும் என்ன பேசினீர்கள் என்று உங்கள் ஆளிடம் கேளுங்கள். உங்களைக் கேட்காமல் அவர் எதற்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது.

உண்மையிலேயே மறுபக்கத்தார் தனியாகப் போய்ப் பேசியதைக் கண்டால்? தோட்டம் முழுக்கக் கதை கட்ட வேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், யார் யார் என்று கொப்பியில் எழுதி வைத்து உங்கள் பிரதிநிதியிடம் கொடுங்கள். அவர் அதைத் திறந்த விசாரணையில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லலாம். பதிவாகியிருந்தால்தான் பிறகு மேல் நீதிமன்றத்தில் எடுத்துக் காட்ட முடியும். கண்ணால் காணாததைக் கண்டதாகச் சொன்னால் உங்கள் கேஸுக்குத்தான் கேடு.

டவுனில் சுற்றுகிற புரோக்கர்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஐயாவுக்குக் குடுக்கணும், காச குடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்பார்கள். காது தோட்டை அடகு வைத்துக் கொடுக்கிற அக்காமார் இருக்கிறார்கள். அந்தக் காசு ஐயாவைப் போய்ச் சேருவதேயில்லை என்பது பெரும்பாலும் நடக்கிற கதை. கேஸ் ஜெயித்தால் "நான்தான் செய்தேன்" என்பான், தோற்றால் ஆளே இருக்க மாட்டான். போய்ச் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். இலஞ்சம் வாங்கினவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளி. பழைய இலஞ்சச் சட்டத்தின் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகும் அது மாறவில்லை. யாராவது கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

காசு இல்லாமல் செல்வாக்கை வைத்து அழுத்தம் கொடுப்பதும் குற்றமே. பெரிய ஆள் ஒருவரைப் பிடித்துத் தலைவருக்குப் போன் பண்ணச் சொல்வது, "இந்தப் பிள்ளையைக் கவனிக்கவும்" என்று கடிதம் வாங்கிக் கொடுப்பது இதெல்லாம் நீதிச் செயலில் தலையிடுவது. அரசியலமைப்பின் 111சி உறுப்புரைப்படி ஒரு வருஷம் வரை சிறை கிடைக்கலாம்.

கடைசியாக, இந்த வாசல் வாசலாக நடக்கிற பழக்கத்தால் வருகிற பெரிய நஷ்டம் ஒன்று. வேலை போனதும் தொரை, பெரிய தொரை, சங்கத்துப் பெரியவர், மந்திரி என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்து "பாப்போம், பாப்போம்" என்ற பதிலோடு மாதங்கள் போய்விடும். நியாய சபைக்கு மனுப் போட, வேலை நீக்கிய நாளிலிருந்து 6 மாதந்தான் காலம். நீக்கற் கடிதம் கையில் கிடைத்த அன்றே அதன் பின்பக்கத்தில் திகதியை எழுதுங்கள். 6 மாதம் முடிகிற நாளையும் பக்கத்தில் எழுதி, கடிதத்தை அந்தக் கிழமையே சங்க அலுவலகத்துக்கோ சட்டத்தரணியிடமோ கொண்டு போங்கள். மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பினால் தபால் கந்தோர் துண்டைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.