வால்வு கிடார் ஆம்ப்: தகட்டைத் துளைக்கும் முன்…

1. முதல் ஆம்ப்புக்கு மூளையைக் கசக்க வேண்டாம் நண்பர்களே. 1950களின் ஃபெண்டர் சேம்ப் 5எஃப்1 படமே போதும்: 12ஏஎக்ஸ்7, 6வி6, 5ஒய்3 என்று மூன்றே வால்வு.

2. சாமான் எல்லாம் கைக்கு வந்தபிறகு அளவெடுங்கள். ஷீல்டு வைத்த சாக்கெட்டுக்கும் வைக்காததற்கும் துளை மாறும். சேஸிஸ் அளவுக்குப் பழைய காலண்டர் அட்டையை வெட்டி, அதன்மேல் எல்லாவற்றையும் பரப்பி நகர்த்திப் பாருங்கள். இடம் முடிவானதும் அதே அட்டையைத் தகட்டில் ஒட்டி, சென்டர் பஞ்ச் அடித்துவிடலாம்.

3. இரண்டு டிரான்ஸ்பார்மரும் ஒன்றுக்கொன்று குறுக்காக, தள்ளி உட்காரட்டும். எந்தக் கோணத்தில் 'ங்ங்' சத்தம் அடங்கும் என்று காதே சொல்லும். பவர் டிரான்ஸ்பார்மரின் செகண்டரி முனைகளைத் தனித்தனியாக டேப் சுற்றி மூடிவிட்டு, பிரைமரிக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் ஸ்பீக்கர் வயரில் ஹெட்போனை மாட்டி, அதை மட்டும் மெல்லத் திருப்புங்கள். சத்தம் மிகக் குறையும் இடத்தில் பென்சில் கோடு போட்டால், பிறகு மாதக்கணக்கில் இரைச்சலைத் துரத்தும் வேலை மிச்சம்.

4. கிடார் ஜாக் ஒரு கோடி, கரண்ட் வயர் மறு கோடி. நடுவில் வால்வுகள் சிக்னல் போகும் வரிசையிலேயே நிற்கட்டும்.

5. சாக்கெட்டின் ஸ்க்ரூ துளைகளைப் போடும் முன் சாக்கெட்டைச் சுழற்றிப் பாருங்கள். 12ஏஎக்ஸ்7-இன் 2, 7ஆம் பின்களும் 6வி6-இன் 5ஆம் பின்னும் கிரிட். அவற்றுக்குப் போகும் வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. காசு செலவில்லாத வைத்தியம் இது.

6. 6.3 வோல்ட் ஹீட்டர் வயர்களை நன்றாக முறுக்கி, சேஸிஸ் மூலையை ஒட்டியே ஓட்டுங்கள்.

7. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை 6வி6, 5ஒய்3 பக்கம் அண்டவிடாதீர்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

8. அலுமினியத் தகடு என்றால் 30 மி.மீ. வரை போகும் ஸ்டெப் டிரில் ஒன்றே ஜாக், சாக்கெட் எல்லாவற்றுக்கும் போதும். விதவிதமாக ஹோல்சா வாங்கிக் குவிக்க வேண்டாம்.

9. மெயின்ஸ் எர்த்துக்குத் தனி போல்ட். டிரான்ஸ்பார்மர் போல்ட்டோடு சேர்க்கக் கூடாது. உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ஸ்விட்சை அணைத்தாலும் கெப்பாசிட்டரில் தங்கும். அது வடிய ஒரு 220கே, 2 வாட் ரெசிஸ்டருக்கு இப்போதே இடம் விடுங்கள். அப்படியும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.